பிணம் எழுந்திருக்கக் கூடாது

தலைமைச் செவிலியர் பதவி காலியாகி நாலு மாதம் ஆகியும் அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. உட்காரத் தகுந்த ஆள் பதினெட்டு வருடமாக அதே மருத்துவமனையில் நின்றுகொண்டிருந்தார். நோயாளிகள், டாக்டர்கள், வாசல் காவலாளி எல்லோரும் அவரை 'சிஸ்டர்' என்றார்கள். வீட்டில் கணவருக்குக் கோபம் வந்தால் அவரும் அப்படித்தான் கூப்பிடுவார். நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

சிஸ்டருக்கு இருட்டிலும் நரம்பு கண்டுபிடித்து ஊசி போடத் தெரியும். எந்த டாக்டரின் கையெழுத்தையும் படிக்கத் தெரியும். பட்டம் மட்டும்தான் இல்லை. அதற்காக மாலைக் கல்லூரியில் மூன்று வருடம் படித்து, எல்லாப் பாடத்திலும் தேறி, ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. அறிவியல் படிப்பவர்கள் மனித உணர்வுகளைப் புரிந்துகொள்வதற்காக ஒரு கலைப் பாடமும் படிக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. அவசரப் பிரிவில் வேலை பார்ப்பவருக்கு மனித உணர்வுகள் போதிய அளவு கிடைப்பதில்லை என்று யாரோ கவலைப்பட்டிருக்க வேண்டும்.

"ஓவியம் ஃபுல். இசை ஃபுல்" என்றார் கல்லூரி அலுவலகக் கிளார்க், கண்ணைத் தூக்காமலே. "நாடக அறிமுகம் ஒண்ணுதான் காலி."

"அது மட்டும் ஏன் சார் காலி?"

"அது எப்பவுமே காலிதான். போட்டுடட்டுமா?"

"எனக்கு நடிப்பெல்லாம் வராதே சார்."

"கவலையே படாதீங்க. அங்க யாருக்கும் வராது."

இதை ஆறுதலாக எடுத்துக்கொண்டு சிஸ்டர் கையெழுத்துப் போட்டார். லிஃப்ட் மெக்கானிக்கான அவர் கணவர் அன்று மாலை முழுக்கச் சிரித்தார். "பத்து வருஷமா மாமியார் முன்னாடி நடிச்சியே, அதைச் சொல்லி நேரா பட்டம் கேட்டிருக்கலாமே" என்றார். பதிலுக்கு சிஸ்டர் சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

வகுப்பு மாடியில், நூலகத்தை ஒட்டிய அறையில் நடந்தது. மாணவர்கள் பதினோரு பேர். சிஸ்டரின் பெஞ்சில் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் பேக்கரியில் வேலை பார்ப்பவர். எந்தப் பக்கம் திரும்பினாலும் வெண்ணெய் வாசம் அடிக்கும். இன்னொன்று சின்னப் பெண், தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்ததால் எல்லோருக்கும் அவள் குட்டைமுடி.

துறைத்தலைவர் உள்ளே வந்தார். உயரமான மனிதர். முழுக்கைச் சட்டை, மார்பில் மூன்று பேனா. மூன்று பேனாவும் மூன்று வகையான கையெழுத்துக்கு என்பது பின்னால் தெரிந்தது. கரும்பலகைக்கு முன்னால் நின்று, எதிரே ஆயிரம் பேர் இருப்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார்.

"நாடகம் பாக்கறவன் அதை ரசிச்சிட்டு வீட்டுக்குப் போயிடறான். நடிக்கிறவன் அதுலயே தொலைஞ்சு போயிடறான். ரெண்டு பேருக்குமே நாடகம்னா என்னன்னு புரியறதில்ல. அதனால இந்தத் துறையில அந்த ரெண்டையுமே அனுமதிக்கறதில்ல. நான் பத்தொன்பது வருஷமா நாடகம் சொல்லித் தரேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு நாடகம் பாத்ததில்ல. அவ்வளவு நடுநிலைமை."

பேக்கரிக்காரர் இதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்.

"சார், கீழ பெரிய அரங்கம் ஒண்ணு இருக்கே?" என்றாள் குட்டைமுடி.

"இருக்கு. பூட்டியிருக்கு. தேர்வுப் பிரிவுக்காரங்க விடைத்தாள் அடுக்கி வச்சிருக்காங்க. ஆனா சாவித்துவாரம் வழியா பாக்கறதுக்கு நம்ம துறைக்கு எழுத்துமூலமா அனுமதி இருக்கு. மூணாவது வாரம், மூணு மூணு பேரா."

"இந்த அறிமுகத்துக்கு அப்புறம் என்ன பாடம் சார் வரும்?"

"அறிமுகத்துக்கு அப்புறம் ஒண்ணும் கிடையாதும்மா. அறிமுகம்தான் முழுப் பாடமே."

மூன்றாவது வாரம் சிஸ்டரும் முறைப்படி குனிந்து சாவித்துவாரத்தில் கண்ணை வைத்தார். 'மேடை: என் நேரடி அனுபவம்' என்ற கட்டுரையில், 'இருட்டாக இருந்தது. நடுவில் இன்னும் கொஞ்சம் இருட்டாக இருந்தது' என்று எழுதினார். பத்துக்கு ஏழு கிடைத்தது. 'ஆழம் தெரிகிறது' என்று சிவப்பு மையில் குறிப்பும் இருந்தது.

வாரங்கள் போயின. திரைச்சீலையின் ஏழு வகைகளைப் படித்தார்கள். எட்டாவது வகை ஒன்று உண்டா என்பதில் துறைக்குள் வழக்கு இருந்தபடியால் அது தேர்வுக்கு வராது. உரத்த குரல் பயிற்சி நடந்தது. பக்கத்தில் நூலகம் என்பதால் உரத்த குரலை எல்லோரும் மூச்சுக்குள்ளேயே எழுப்ப வேண்டியிருந்தது. துறைத்தலைவர் ஒவ்வொரு வாயருகிலும் காதை வைத்துக் கேட்டு, "இன்னும் உரக்க, ஆனா கேக்கக் கூடாது" என்று திருத்தினார். அவருடைய காது அவ்வளவு கிட்டத்தில் வந்தபோது சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரை மதிப்பெண் போயிற்று. நகைச்சுவை நான்காம் அலகில், ஒன்பதாவது வாரத்தில்தான் வருகிறது. ஐந்தாவது வாரத்தில் சிரிப்பது பாடத்திட்டத்தை மீறுவதாகும்.

பேக்கரிக்காரரின் நிலைமை இன்னும் மோசம். மௌனத்துக்கு ஒரு செய்முறைத் தேர்வு இருந்தது. தேர்வு தொடங்கியதும் வருகைப்பதிவு எடுத்தார்கள். அவர் பெயர் வந்தபோது, "உள்ளேன் ஐயா" என்றார். பேசிவிட்டதால் மௌனத்தில் தோற்றார். வாயே திறக்காத மற்ற பத்துப் பேரும் மௌனத்தில் முழு மதிப்பெண் வாங்கினார்கள். ஆனால் தேர்வுக்கு வரவில்லை என்று பதிவாகி அவர்களும் தோற்றார்கள். மறுவாரம் எல்லோருக்கும் பொதுமன்னிப்பு வழங்கித் துறைத்தலைவர் ஒரு சுற்றறிக்கை விட்டார். அதில் 'மௌனம் என்பது உரிய முறையில் அறிவித்துவிட்டு இருப்பது' என்று விளக்கம் இருந்தது.

சிஸ்டர் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவமனையிலும் சுற்றறிக்கைகள் வரும். அவற்றின் பின்பக்கத்தில் ரத்த அழுத்தக் கணக்கைக் குறித்துவைப்பதுதான் அவர் வழக்கம். அவரை உறுத்தியது வேறொன்று.

எட்டாவது வாரம், 'நான் நேரில் கண்ட ஒரு சோகக் காட்சி' என்று எழுதி வரச் சொன்னார்கள். சிஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறை மேஜையில் உட்கார்ந்து நிஜமாகவே மெனக்கெட்டு எழுதினார். விபத்தில் வந்த ஒருவர் இறந்துபோகிறார். வெளியே காத்திருக்கும் தம்பியிடம் சிஸ்டர்தான் போய்ச் சொல்கிறார். தம்பி அழவில்லை. கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டு, "அண்ணன் செருப்பு எங்க இருக்கு சிஸ்டர்? நேத்துதான் புதுசு வாங்கினான்" என்று கேட்கிறார். இருவரும் சேர்ந்து செருப்பைத் தேடுகிறார்கள். ஒன்றுதான் கிடைக்கிறது. அவ்வளவுதான்.

எழுதி முடித்ததும் கணவரிடம் படித்துக் காட்டினார். அவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.

துறைத்தலைவர் பத்துக்கு மூன்று போட்டிருந்தார். சிஸ்டர் தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்கே போனார்.

"இதுல என்ன சார் குறை?"

"நம்பற மாதிரி இல்லம்மா. அண்ணன் செத்துட்டான்னு சொன்னா எவனாவது செருப்பைக் கேப்பானா? சோகம்னா குறைஞ்சது ரெண்டு 'ஐயோ' வரணும். ஒரு தடவையாவது சுவத்துல சாயணும். இங்க சுவர் இருக்கு, பாக்கறான், ஆனா சாயல. வாய்ப்பை வீணடிச்சிருக்கான்."

"ஆனா அவர் அப்படித்தான் கேட்டார் சார். நான் பக்கத்துல இருந்தேன்."

"அவருக்கு நாடகம் தெரியாதும்மா. உங்களுக்குத் தெரியும்ல? நீங்க திருத்தியிருக்க வேண்டாமா?"

சிஸ்டர் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பேர் அவரைத் திட்டியிருக்கிறார்கள். எதற்கும் கலங்கியதில்லை. அன்று பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண் கலங்கியது, ஏனென்று அவருக்கே விளங்கவில்லை.

பத்தாவது வாரத்தில் அந்தச் செய்தி வந்தது. தர ஆய்வுக் குழு வருகிறது. கல்லூரிக்கு மதிப்புப் புள்ளி போடும் அந்த மூன்று பேர், நாடகத் துறை என்று ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டு, ஒரு நாடகம் பார்க்க ஆசைப்படுவதாகக் கடிதம் எழுதியிருந்தார்கள்.

துறைத்தலைவர் அந்தக் கடிதத்தை வகுப்பில் படித்துக் காட்டினார். "நாடகத் துறைக்கிட்ட வந்து நாடகம் கேக்கறாங்க" என்றார். "மருந்துக் கடையில போய் நோய் கேக்கற மாதிரி."

ஆனாலும் அந்த நாடகத்தையே இறுதித் தேர்வாக அறிவித்து, அரங்கத்தைத் திறந்தார்கள். விடைத்தாள்களை வேறெங்கும் வைக்க இடமில்லை. ஆகவே அவற்றின் மேல் பச்சைத் துணியைப் போர்த்தி மலை என்று அறிவித்தார்கள். ஆஸ்பத்திரியில் நடக்கும் கதைக்குள் மலை எப்படி வந்தது என்று குட்டைமுடி கேட்டாள். "ஜன்னல் வழியா தெரியுது" என்றார் துறைத்தலைவர். ஜன்னல் எங்கே என்று கேட்டாள். "மலைக்குப் பின்னால" என்றார்.

நாடகத்தை எழுதியது ஆசிரியர் குழு. பெரிய டாக்டர் ஒருவர் ஒரு பிணத்தின் முன்னால் நின்று கடமையைப் பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசுகிறார். பக்கத்தில் ஒரு செவிலி நின்று, 'ஆகா டாக்டர்' என்கிறாள். இதுதான் கதை. அத்தனை வசனத்தையும் மனப்பாடம் செய்ய எந்த மாணவரும் ஒத்துக்கொள்ளாததால் டாக்டர் வேடத்தைத் துறைத்தலைவரே ஏற்க வேண்டியதாயிற்று.

செவிலி வேடத்துக்கு சிஸ்டர் கை தூக்கினார். டூட்டி முடிந்து சீருடையிலேயே வந்திருந்தார். துறைத்தலைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. உங்ககிட்ட அந்தச் செவிலி தோரணை வரலம்மா. நிக்கறது சரியில்ல. நர்ஸுன்னா ஒரு கையை இடுப்புல வச்சு, இன்னொரு கையில ஊசியைத் தூக்கிப் பிடிச்சிருக்கணும்."

"ஊசியைத் தூக்கிக்கிட்டு நடந்தா யார் மேலயாச்சும் குத்திடும் சார்."

"அதான் சொன்னேன். உங்களுக்கு அந்த மேடை உணர்வு இல்ல."

செவிலி வேடம் குட்டைமுடிக்குப் போயிற்று. சிஸ்டருக்குப் பிணம். பேக்கரிக்காரருக்கு வேடம் கிடையாது. ஆய்வுக் குழுவுக்கு மூன்றடுக்கு கேக் செய்துகொண்டுவரும் பொறுப்பு.

"பிணத்துக்கு ஒரே ஒரு விதிதான்" என்று துறைத்தலைவர் விளக்கினார். "எழுந்திருக்கக் கூடாது. என்ன நடந்தாலும். இதை விதிமுறைப் புத்தகத்துலயே போட்டிருக்கேன், பதினோராவது விதி."

அன்று அரங்கம் நிறைந்துவிட்டது. மற்ற துறை மாணவர்களையும் கையெழுத்து வாங்கி உட்கார வைத்திருந்தார்கள், மொத்தம் இருநூறு பேர். முன்வரிசையில் ஆய்வுக் குழுவின் மூன்று பேர், மடியில் படிவத்தோடு. சிஸ்டரின் கணவரும் பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்; மனைவி பிணமாக நடிப்பதைப் பார்க்க அரை நாள் லீவு போட்டிருந்தார்.

திரை விலகியது. வெள்ளைத் துணியின் கீழ் சிஸ்டர் அசையாமல் படுத்திருந்தார். துறைத்தலைவர் வெள்ளைக் கோட்டோடு வந்து நின்றார். "கடமை!" என்றார். "கடமை என்பது யாது?" என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

துணிக்குக் கீழிருந்து சிஸ்டரால் அவருடைய கால்களை மட்டும் பார்க்க முடிந்தது. முழங்கால் நடுங்கியது. சிஸ்டர் அதை நடிப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை. இந்த மனிதர் காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிடாமல் வசனத்தை உருப்போட்டுக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருந்தார். அவர் சட்டைப் பையில் சர்க்கரை நோய் மாத்திரை அட்டை துருத்திக்கொண்டிருந்ததை முதல் வாரமே கவனித்திருந்தார்.

"ஆகா டாக்டர்" என்றாள் குட்டைமுடி.

துறைத்தலைவர் அப்படியே மடிந்து விழுந்தார்.

அரங்கம் ஒரு விநாடி அசந்துபோய், பிறகு கைதட்டலில் அதிர்ந்தது. ஆய்வுக் குழுத் தலைவர் எழுந்து நின்றே தட்டினார். குட்டைமுடிக்கு வேறு வசனம் கிடையாது. மறுபடியும், "ஆகா டாக்டர்" என்றாள்.

பிணம் எழுந்தது. துணியை உதறித் தள்ளிவிட்டு மேஜையிலிருந்து குதித்தது. பின்வரிசையில் இரண்டு பேர் அலறினார்கள்.

சிஸ்டர் துறைத்தலைவரின் சட்டைப் பொத்தானைக் கழற்றி நாடியைப் பிடித்தார். உடம்பு வேர்வையில் ஜில்லென்றிருந்தது; சர்க்கரை இறங்கிவிட்டது. விழுங்குகிற அளவு நினைவு மட்டும் இருந்தது. "பேக்கரி! அந்த கேக்கைக் கொண்டா! மேல இருக்கற க்ரீம் மட்டும்!" என்று கத்தினார். இப்போது அவர் குரல் நூலகத்தின் மூன்றாவது மாடிவரை போயிற்று. பேக்கரிக்காரர் மூன்றடுக்கையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். 'வருக ஆய்வுக் குழுவே' என்று சர்க்கரையில் எழுதியிருந்ததை சிஸ்டர் விரலால் வழித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் துறைத்தலைவரின் வாயில் வைத்தார். 'வருக' முழுவதும் உள்ளே போன பிறகுதான் அவர் கண்ணைத் திறந்தார்.

"சிஸ்டர்" என்றார் மெல்ல. அந்தப் பருவத்தில் முதல் முறையாக அவரை அப்படிக் கூப்பிட்டார். "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. எல்லாரும் பாக்கறாங்களா?"

இருநூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரும் பாக்கல சார்" என்றார் சிஸ்டர். "நானும் நீங்களும் மட்டும்தான் இருக்கோம். மூச்சை மெதுவா விடுங்க."

அவர் நம்பினார். அப்படியே சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

பத்து நாள் கழித்து ஆய்வறிக்கை வந்தது. மருத்துவ விடுப்பிலிருந்து துறைத்தலைவர் திரும்பியிருந்தார். நாடகத் துறைக்கு மிக உயர்ந்த தரம். 'டாக்டர் மயங்கி விழும் காட்சி உலகத் தரம். செவிலியின் பதற்றமின்மை பாராட்டத்தக்கது. ஆனால் பிணம் எழுந்து கேக் ஊட்டியது நம்பும்படியாக இல்லை.' இந்த வரியின் அடிப்படையில் மதிப்பெண் குழு கூடி, ஒதுக்கிய பாத்திரத்தை அனுமதியின்றிக் கைவிட்டதற்காக சிஸ்டருக்கு இறுதித் தேர்வில் பூஜ்யம் போட்டது.

தலைமைச் செவிலியர் பதவிக்கு விண்ணப்பிக்க இன்னும் நாலே நாள் இருந்தது. சிஸ்டர் மறுபடியும் துறைத்தலைவர் அறைக்குப் போனார். அவர் எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

"என்ன சார் இது? நான் எழுந்திருக்காம இருந்திருந்தா நீங்க…"

"தெரியும்மா. டாக்டர் சொன்னார். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா நான்தான் அந்த மேஜையில படுத்திருப்பேன்." அவர் மேஜையில் பேனாவை இப்படியும் அப்படியும் உருட்டினார். "ஆனா விதி பதினொண்ணு அப்படி இருக்கு."

"அந்த விதியை எழுதினது நீங்கதானே? நீங்களே மாத்துங்களேன்."

"எழுதினவனுக்கு மாத்தற அதிகாரம் கிடையாது. அதையும் நான்தான் எழுதினேன்."

பிறகு அவர் மூன்றாவது பேனாவை எடுத்தார். "துணைத் தேர்வு வைக்கலாம். அதுக்கு மட்டும் எனக்கு அதிகாரம் இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி. பதினஞ்சு நிமிஷம் பிணமா இருக்கணும். முடியுமா?"

"டூட்டி நாலரைக்கு முடியும் சார். வந்துடறேன்."

மறுநாள் இரண்டு செவிலியர் வராததால் சிஸ்டர் மூன்று பேர் வேலையை ஒருவராகப் பார்த்தார். காலையிலிருந்து ஒரு முறைகூட உட்காரவில்லை. ஐந்துக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது அரங்கத்துக்குள் ஓடிவந்து, செருப்பைக் கழற்றி, மேஜையில் ஏறிப் படுத்தார். எதிரே துறைத்தலைவரும் வெளியிலிருந்து வந்த இரண்டு தேர்வாளர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நிறுத்துகடிகாரத்தை அழுத்தினார்.

இரண்டாவது நிமிடத்திலேயே சிஸ்டர் தூங்கிப்போனார்.

"மார்பு ஏறி இறங்குது. மூச்சு வருது" என்றார் முதல் தேர்வாளர்.

"அறிமுகப் பாடத்துல மூச்சு விடலாம்" என்றார் துறைத்தலைவர்.

ஏழாவது நிமிடத்தில் மெல்லிய குறட்டை கிளம்பியது. இரண்டாவது தேர்வாளர் தயங்கி, விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். பிணம் எழுந்திருக்கக் கூடாது என்றுதான் இருந்தது. குறட்டை விடக் கூடாது என்று எங்கும் இல்லை. 'பின்னணி ஒலி: இயல்பு' என்று குறித்துக்கொண்டார். பதினைந்தாவது நிமிடம் மணி அடித்தது. பிணம் அசையவில்லை. மணியை இன்னொரு முறை அடித்தார்கள். அப்போதும் அசையவில்லை. இருபது வருட அனுபவத்தில் இவ்வளவு உறுதியான பிணத்தைக் கண்டதில்லை என்று சொல்லி இரண்டு தேர்வாளர்களும் முழு மதிப்பெண் போட்டார்கள்.

"கையெழுத்து வாங்கணும். எழுப்புங்க" என்றார் முதலாமவர்.

"வேண்டாம்" என்றார் துறைத்தலைவர். "நடிச்சுக்கிட்டிருக்காங்க."

தேர்வாளர்கள் போய்விட்டார்கள். அவர் போகவில்லை. முன்வரிசையில் தனியாக உட்கார்ந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். களைத்துப்போன ஒரு பெண் தூங்குகிறார், அவ்வளவுதான் காட்சி. பாதத்தில் செருப்பு வாரின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. ஒரு கை, தூக்கத்திலும் யாருடைய நாடியையோ பிடிப்பதுபோல் இரண்டு விரலை நீட்டியிருந்தது. விளக்கை அணைக்க வந்த காவலாளியைத் துறைத்தலைவர் உதட்டில் விரல் வைத்துத் திருப்பி அனுப்பினார். ஒரு மணி நேரம் போயிற்று. தன் கன்னம் ஈரமாக இருப்பதை அவர் கவனிக்கவில்லை. 'ஐயோ' என்று சொல்லவும் இல்லை.

ஆறேகாலுக்கு சிஸ்டர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"ஐயையோ, தூங்கிட்டேனா? ஃபெயிலா சார்?"

"பாஸ். முழு மார்க். நாளைக்குக் காலையில சான்றிதழ் தரச் சொல்றேன்." சொல்லிவிட்டும் அவர் எழுந்திருக்கவில்லை. "அவசரமா போகணுமா சிஸ்டர்?"

"வீட்டுக்குத்தான். ஏன் சார்?"

"ஒண்ணுமில்ல. நான் இதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல." எதை என்று அவர் சொல்லவில்லை. "இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் இருக்க முடியுமா?"

சிஸ்டர் அவரைப் பார்த்தார். வார்டில் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் இருங்க என்று கேட்கிறவர்களைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். தூக்கம் முழுக்கக் கலைந்துவிட்டிருந்தது. ஆனாலும் மேஜையில் மறுபடி படுத்து, துணியை மார்புவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணை மூடி, ரொம்ப நாளாகச் செத்துக்கிடப்பவர்போல அசையாமல் கிடந்தார்.